பட்டாசுக்காய்ச் செடியும் நம் தெருவும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மழைநீர் வடிகாலை ஐப்பசிக்கு முன்பே தூர்வாரிவிட்டதால் இந்த முறை பூங்கா வாசலில் தண்ணீர் தேங்கவில்லை. அணைந்து கிடந்த தெருவிளக்குகள் எரிகின்றன. சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே செலுத்திவிட்டால் உதவியாக இருக்கும்.

மீதி நேரத்தை ஒரு செடிக்காகக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டு செயற்குழுவில் அதிகம் பேசப்பட்டதும் அதுதான், மனக்கசப்பை உண்டாக்கியதும் அதுதான்.

பட்டாசுக்காய்ச் செடியை நம்மில் தெரியாதவர் இல்லை. கத்தரிப்பூ நிறத்தில் புனல் மாதிரி பூக்கும். காலையில் விரியும் பூ மதியத்துக்குள் உதிர்ந்துவிடும். காய் முற்றிக் கறுத்ததும் நாக்கில் தொட்டு நண்பனின் சட்டைக்குள் போட்டுவிட்டு ஓடியவர்கள்தான் நாம் எல்லாரும். ஊர்ச் செடி என்றே நினைத்திருந்தேன். ஆனால் இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதி. 1753-லேயே சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார்.

ஆவணி மாதக் கூட்டத்தில் முதல் தெரு அம்மா ஒருவர் எழுந்து, "உங்களுக்கு அழகா இருக்கலாம் சார், எனக்குக் கீரைப் பாத்தியே போச்சு" என்றார். மறுநாள் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதில் மிகையே இல்லை. சிறுகீரை விதைத்த இடமெல்லாம் இதன் கன்றுகள். ஒன்றைப் பிடித்து இழுத்தேன், தண்டு மட்டும் கையோடு வந்தது. களைக்கொத்தால் தோண்டியபோது சுண்டுவிரல் பருமனில் கொத்தாகக் கிழங்குகள் இருந்தன. வெயிலில் மேலே காய்ந்தாலும் ஒரு மழைக்கு மறுபடி துளிர்ப்பது அந்தக் கிழங்கின் பலத்தால்தான்.

காய் வெடிப்பதையும் அன்று நிதானமாகப் பார்த்தேன். டம்ளர் தண்ணீரில் ஒரு காயைப் போட்டால் சில நொடி ஒன்றுமே நடக்காது. அப்புறம் 'டப்' என்று இரண்டாகப் பிளந்து விதைகள் சிதறும். நனைந்த விதையைச் சுற்றி வழுவழுவென்று ஒரு பசை ஊறும். அந்தப் பசையோடு செருப்பில் ஒட்டிக்கொண்டுதான் அது அடுத்த வீட்டுக்குப் போகிறது. இதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்றை அமெரிக்க ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படம் பிடித்து 2018-ல் வெளியிட்டார்கள். அதன் தட்டை விதைகள் நொடிக்கு 1,600 முறைக்கு மேல் சுழன்றபடி 7 மீட்டர் தூரம் வரை போகின்றனவாம். காம்பவுண்டுச் சுவர் எம்மாத்திரம்!

சரி, மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பூங்கா ஓரத்தில் களை எடுக்கும் வேலையை ஒருவரிடம் விட்டிருந்தோம். அவர் நம்மைக் கேட்காமலே களைக்கொல்லி தெளித்துவிட்டார். இரண்டே நாளில் செடியெல்லாம் கருகிப் போயிற்று. நம் உறுப்பினர் ஒருவரின் மகள், ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண், கருகிய இலையோடு என் வீட்டுக்கு வந்தாள். அதில் கறுப்பாக, உடம்பெல்லாம் கிளைவிட்ட முட்களோடு ஒரு புழு செத்துக் கிடந்தது. "அங்கிள், இது வசீகரன் பட்டாம்பூச்சியோட புழு. இந்தச் செடியிலதான் முட்டை போடும்" என்றாள். அவள் சொன்னது சரி. எலுமிச்சை வசீகரன் முட்டையிடும் செடிகளில் இதுவும் ஒன்று. கம்பளிப்பூச்சி என்று பயந்து நாம் நசுக்குவதும் இதைத்தான். அந்த முள் கடிக்காது, அரிக்கவும் அரிக்காது. அன்று அந்தப் பெண்ணுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மழை வந்ததும் கிழங்கிலிருந்து செடி திரும்பத் துளிர்த்தது. செத்த புழுக்கள் திரும்பவில்லை. வேலையை மேற்பார்க்கத் தவறியதற்குச் செயலாளர் என்ற முறையில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். இனி நம் நகரில் களைக்கொல்லி கூடாது என்று செயற்குழு ஒருமனதாக முடிவு செய்துள்ளது.

தோட்டம் வைத்திருப்பவர்கள் இந்த ஆண்டு கைப்பட அறிந்ததைப் பதிவு செய்கிறேன். காயை விட்டுவிட்டுச் செடியோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. பனி காய்ந்த பிறகு, நல்ல வெயில் நேரத்தில், காய் பழுப்பாகத் தொடங்கும்போதே பறித்துக் காகிதப் பையில் போட வேண்டும். உரக்குழியில் போட்டவர் வீட்டில் கத்தரிச் செடிக்கு நடுவே இது முளைத்து நிற்கிறது. கிழங்கு எடுக்க மழை பெய்த மறுநாள் நல்லது, மண் இளகியிருக்கும். நடைபாதைக் கற்களின் இடுக்கில் முளைக்கும் சின்னக் கன்றுகளுக்குக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் போதும்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தை இந்தச் செடிக்கே விட்டுவிடலாம் என்று முன்மொழிகிறேன். காய் பறிக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். அங்கிருந்து கீரைப் பாத்திகள் தள்ளியே இருக்கின்றன. முதல் தெரு அம்மாவும் இதற்குச் சம்மதித்திருக்கிறார். அவருக்கு இந்தச் சங்கம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

புரட்டாசி முழுவதும் ஞாயிறுதோறும் காலை 10 மணிக்குக் காய் பறிப்போம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கையில் மட்டும் ஈரம் வேண்டாம்.

செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்