பரிணாமத்தைக் கடைசி யூனிட்டில் வைக்காதீர்கள்

முதலாண்டு உயிரியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். பரிணாமமும் பல்லுயிர்ப் பெருக்கமும் என்ற அறிமுகப் பாடத்துக்குச் செய்முறை வகுப்பு எடுப்பவர்களில் நானும் ஒருத்தி. பாடத்திட்டத்தைத் திருத்தும் வேலை தொடங்கியிருப்பதால் இதை எழுதுகிறேன். பரிணாமத்தைக் கடைசி யூனிட்டிலிருந்து எடுத்து முதலில் வையுங்கள். அதன் பிறகு வரும் ஒவ்வொரு உயிரினத் தொகுதியையும் அதன் வழியாகவே நடத்த விடுங்கள். நான் கேட்பது இதைத்தான்.

இப்போது நடப்பது உங்களுக்குத் தெரியும். பாக்டீரியாவில் தொடங்கிப் பாசி, பூஞ்சை, பெரணி, புழு, பூச்சி என்று ஓடி முதுகெலும்பிகளில் மூச்சு வாங்குகிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பண்புப் பட்டியல், ஒரு படம், நாலைந்து எடுத்துக்காட்டு. இயற்கைத் தேர்வுக்கு வந்து சேரும்போது பருவமே முடியப்போகிறது. மாணவர்கள் அதற்குள் பரீட்சைக் கவலையில் இருக்கிறார்கள்.

நேரம் போதவில்லை என்பது மட்டும் பிரச்சினை இல்லை. இந்த வரிசையே ஒரு தப்பான பாடத்தை நடத்திவிடுகிறது. பாக்டீரியா கீழ்ப்படி, மனிதன் மேல்படி என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் மனதில் அப்படித்தான் பதிகிறது. இன்று உயிரோடிருக்கும் பாக்டீரியாவும் நாமும் பொது மூதாதையிடமிருந்து ஒரே அளவு காலத்தைக் கடந்து வந்தவர்கள். பூஞ்சையைத் தாவரங்களை ஒட்டி நடத்துகிறோம். காளானோ விலங்குகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம். 1977-ல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் செல்லில் புரதம் உண்டாக்கும் ரைபோசோமின் ஆர்என்ஏவை ஒப்பிட்டு, அதுவரை பாக்டீரியா என்று எண்ணப்பட்ட மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் தனிக் கிளை என்று காட்டினார்கள். எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு! நம் வகுப்பில் அது ஆர்க்கியா என்ற ஒற்றைப் பெயராகச் சுருங்கிப் போகிறது.

எந்த உயிரினம் எதற்குச் சொந்தம் என்று காட்டும் கிளைமரத்தை வாசிக்கக் கற்றுத்தருவதற்கு மட்டும் சில வாரங்கள் ஒதுக்குங்கள் என்பேன். பல்லி, முதலை, புறா என்று மூன்று நுனிகள் இருக்கும் ஒரு மரத்தைக் கொடுத்து, முதலைக்கு யார் நெருங்கிய சொந்தம் என்று கேட்டுப் பாருங்கள். பல்லி என்ற பதில்தான் சட்டென்று வரும். உருவம் ஒத்துப்போகிறது, தாளிலும் பக்கத்தில் இருக்கிறது. அப்புறம் முதலையின் நுனியில் விரலை வைத்துப் பின்னோக்கி நகர்த்தச் சொல்லுங்கள். முதல் கணுவில் புறாவின் கிளை வந்து சேரும். பல்லியைச் சந்திக்க இன்னும் பின்னால் போக வேண்டும். அந்த முதல் கணுவைத் திருப்பி முதலையையும் புறாவையும் இடம் மாற்றி வரைந்தாலும் மரம் அதே மரம்தான். இதை ஒரு மணி நேரத்தில் சொல்லி முடிக்கலாம், புரியவைக்க முடியாது. கையால் வரைந்து, திருப்பி, தப்பாக வாசித்து, திருத்திக்கொள்ள வேண்டும். புரிந்துவிட்டால், பறவைகளை விட்டுவிட்டு ஊர்வன என்று ஒரு வகுப்பை எப்படிப் பிரிக்கலாம் என்று மாணவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பாடமே இருக்கிறது.

ஆதாரத்துக்கும் அதே பொறுமை வேண்டும். பசிபிக் பெருங்கடலின் கலபாகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற சின்னத் தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் குருவிகளின் அலகை அளந்து வந்தார்கள். 1977-ல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்துபோய், நெருஞ்சி வகையின் கெட்டியான முட்காய் போன்றவைதான் மிஞ்சின. நடுத்தர நிலக் குருவிகளில் பெரும்பாலானவை செத்துப்போயின. பிழைத்தவற்றின் சராசரி அலகு முன்பைவிடத் தடிமன். அவற்றின் குஞ்சுகளுக்கும் அப்படியே. பிறகு 1983-ல் எல் நினோ மழை கொட்டிச் சிறு விதைகள் பெருகியபோது இயற்கைத் தேர்வு திசை மாறி, சிறிய அலகுகளுக்குச் சாதகமானது. எந்தக் குருவியின் அலகும் தேவைக்காக வளரவில்லை; ஏற்கெனவே இருந்த வேறுபாட்டில்தான் சாவும் பிழைப்பும் நடந்தன. தேவை வந்தால் உறுப்பு வளரும் என்ற பிடிவாதமான எண்ணத்தை வரையறைகளால் அசைக்க முடியாது, இந்த அளவுகளால் அசைக்கலாம். பல்லுயிர்ப் பெருக்கம் என்பது ஓர் இனத்துக்குள்ளேயே இருக்கும் வேறுபாட்டையும் சேர்த்துத்தான் என்பதும் இங்கேயே பிடிபடும். அந்த வேறுபாடு இல்லாத ஒரு கூட்டம் அடுத்த வறட்சியில் என்ன ஆகும் என்று கேட்டால், உயிரினங்களை அழியாமல் காப்பதைப் பற்றிய பாதுகாப்பு உயிரியலுக்குள் நுழைந்துவிட்டோம்.

அப்படிச் செய்தால் சில தொகுதிகள் விடுபடும் என்பீர்கள். விடுபடட்டும். வண்டுகளில் மட்டும் பெயரிடப்பட்ட இனங்கள் சுமார் 4 லட்சம். எல்லாவற்றையும் தொட்டுவிட்டோம் என்பது இன்றைக்கும் உண்மையில்லை. ஏழெட்டுத் தொகுதிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் என்ன மாறியது, அது எப்படித் தெரிந்தது என்று நின்று பேசலாம்.

வினாத்தாள் மாறாவிட்டால் இவ்வளவும் வீண். பண்புகளை எழுதுக என்று கேட்கும்வரை மாணவர்கள் பண்புகளைத்தான் மனப்பாடம் செய்வார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாதி மதிப்பெண்ணாவது, முன்பு பார்த்திராத ஒரு மரத்தையோ அளவு அட்டவணையையோ வாசித்து விளக்கும் கேள்விகளுக்குப் போக வேண்டும். அத்தகைய மாதிரி வினாக்களையும் முதல் சில வாரங்களுக்கான செய்முறைத் தாள்களையும் எழுதித் தர நான் தயார். குழு கூடும் தேதி முடிவானதும் சொல்லுங்கள், நேரில் வந்து பேசுகிறேன்.

அன்புடன்,
முதலாண்டுச் செய்முறை வகுப்பு ஆசிரியை