தோல் அட்டையைப் பார்த்து மயங்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

பழைய ஆங்கிலக் கட்டுரை நூல்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தால், தோல் அட்டையும் தங்க எழுத்தும் இருப்பதுதான் முதல் பதிப்பு என்று தோன்றும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்க கால நூல்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தாது.

ஆங்கிலக் கட்டுரையாளர் சார்லஸ் லாம்பின் ‘எலியா’ கட்டுரைத் தொகுப்பு 1823-இல் லண்டனில் டெய்லர் அண்ட் ஹெஸ்ஸி வெளியீடாக வந்தது. அந்நாளில் இத்தகைய நூல்கள் காகிதம் ஒட்டிய வெறும் அட்டையோடும், முதுகில் ஒரு சிறிய பெயர்ச் சீட்டோடும் விற்கப்பட்டன. வாங்கியவர்தான் பைண்டரிடம் கொடுத்துத் தோல் போட்டுக்கொள்வார். பைண்டரோ ஓரங்களைச் சமமாக வெட்டிவிடுவார். நூற்பெயர் மட்டும் அச்சான முன்தாளையும் கடைசி விளம்பரத் தாள்களையும் வேண்டாதவை என்று பிய்த்து எறிந்துவிடுவதும் உண்டு. பளபளக்கும் பிரதி பல சமயம் குறைப்பிரதியாக இருப்பது இதனால்தான். தலைப்புப் பக்கத்தின் அடியையும் பார்க்க வேண்டும். ‘எலியா’வில் பதிப்பகத்தின் ஃப்ளீட் தெரு முகவரி மட்டும் இருந்தால் அது முந்தியது, வாட்டர்லூ பிளேஸும் சேர்ந்திருந்தால் பிந்தியது.

தாள் குறைகிறதா என்று அறியப் பக்க எண் மட்டும் போதாது. ஒவ்வொரு ஃபாரத்தின், அதாவது ஒன்றாக மடித்துத் தைத்த தாள்கட்டின், முதல் பக்க அடியிலும் ஓர் ஆங்கில எழுத்து வரிசைப்படி அச்சாகியிருக்கும். வழக்கமாக ‘பி’யில் தொடங்கும்; தலைப்புப் பக்கம் போன்ற முன்பக்கங்கள் தனிக் கணக்கு. ஜே, வி, டபிள்யூ வராது. அதைக் கண்டு ஒரு ஃபாரமே போய்விட்டதோ என்று பதற வேண்டியதில்லை. ஒரு பெரிய காகிதத்தை எட்டுத் தாளாக மடித்த நூலில் ஃபாரத்துக்கு 8 தாள், அதாவது 16 பக்கம். ஒரு தாள் போயிருந்தால் அதோடு ஒரே காகிதமாக மடிந்த இணைத்தாளும் தளர்ந்து ஆடும்.

சேகரிக்க அல்ல, படிக்கத்தான் என்பவர்களுக்கும் பதிப்பு முக்கியம். ஆங்கில விமர்சகர் வால்டர் பேட்டர் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலக் கலையைப் பற்றி எழுதிய கட்டுரைகள் 1873-இல் நூலாக வந்தன. இளைஞர்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று கருதி, 1877 இரண்டாம் பதிப்பில் முடிவுரையை அவரே நீக்கினார். 1888 மூன்றாம் பதிப்பில் சிறு மாற்றங்களோடு திரும்பச் சேர்த்தார். அந்த நூலின் உயிரே அந்தச் சில பக்கங்கள்தான். 1877 பிரதி எவ்வளவு அழகாக இருந்தாலும், படிக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காகிதத்தில் இன்னொரு வியப்பு: 1823 பிரதியின் தாள் பெரும்பாலும் இன்றும் வளைந்து கொடுக்கும், அது கந்தல் துணிக் கூழில் செய்தது. நூற்றாண்டின் கடைசியில் வந்த மலிவுப் பதிப்புகளோ மரக்கூழும் படிகாரமும் சேர்ந்தவை. அமிலம் ஊறி, பழுத்து, மூலையை மடித்தாலே உடையும்.

கிழிந்த தாளை செல்லோடேப்பால் ஒட்டலாம் என்று உங்கள் கட்டுரை சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதன் பசை சில ஆண்டுகளில் இழைக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகிவிடும். பிறகு எளிதில் எடுக்க முடியாது. மெல்லிய ஜப்பானியத் தாளில் அரை சென்டிமீட்டர் அகலத்துக்குத் துண்டு எடுக்க வேண்டும். கத்தரிக்காமல், ஈரக் கோடு போட்டுக் கிழித்தால் ஓரத்தில் இழை நீண்டு நிற்கும், அதுதான் பிடிமானம். கோதுமை ஸ்டார்ச் பசையை மோர்ப் பதத்துக்குக் கரைத்து, துண்டில் மிகக் குறைவாகத் தடவிக் கிழிசல்மேல் ஒட்ட வேண்டும். அதிகமானால் தாள் சுருங்கி அலை அலையாகும். இருபுறமும் ஒட்டாத பாலியஸ்டர் தாள், அதன்மேல் மையொற்றுத் தாள், அதன்மேல் எடை என்று வைத்து, மறுநாள் எடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்