எங்கள் கரையின் படங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்பானவர்களே,

செப்டெம்பர் 1 முதல் அசிசியின் புனித பிரான்சிஸ் திருநாளான ஒக்டோபர் 4 வரை, திருச்சபை படைப்பின் காலமாகக் கொண்டாடும் நாட்களில், திருகோணமலையில் எங்கள் பங்கு மண்டபத்தில் நான் கமராவில் எடுத்த படங்களை மாட்டி வைத்திருந்தோம். பார்க்க வந்த நீங்கள் என்னைப் பாராட்டிவிட்டுப் போனீர்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு வேறு ஆட்களுக்குச் சேர வேண்டியது. அதை ஊரறியச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில், உப்புவெளியில் கரைவலை இழுக்கும் அண்ணைமாருக்கு. எங்கள் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. கரையில் நின்று எடுத்தால் பறவை வெறும் கறுப்பு நிழலாகத்தான் விழும். "தங்கச்சி, முழங்கால் தண்ணியில இறங்கிக் கரையைப் பார்த்து நில்லு. வலையின்ர மடி கிட்ட வரேக்க செம்பருந்து பதிஞ்சு வரும்" என்று சொல்லித்தந்தவர் அவர்களில் மூத்தவர். அப்படியே நின்றேன். வெள்ளைத் தலை, செங்கல் நிறச் சிறகு, காலில் துடிக்கும் சின்ன மீன், எல்லாவற்றிலும் காலை வெயில். அந்த நேரம் என் வாயில் வந்தது "ஆண்டவரே, நன்றி" என்ற ஒரே சொல்தான். எனக்குப் படம் எடுப்பது செபம். கண்ணைத் திறந்துகொண்டு செய்யும் செபம்.

புறாத்தீவுக்குப் போ, திமிங்கிலம் பார்க்கப் போ என்று பலர் சொன்னார்கள். அவையும் ஆண்டவரின் படைப்புத்தான், எனக்கும் ஆசை உண்டு. ஆனால் வயல்வெளி மலர்களைக் கவனியுங்கள் என்று இயேசு சொன்னது, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தினமும் மிதித்து நடந்த மலர்களைத்தானே! அதனால்தான் அடம்பன் கொடிக்கு அவ்வளவு இடம் கொடுத்தேன். மணலில் வேர்விட்டு மணலைப் பிடித்து வைத்திருக்கும் கொடி அது. காலையில் விரியும் ஊதாப்பூ பின்னேரத்துக்குள் வாடிவிடும். பூவின் அடித்தொண்டை கடும் ஊதா. அதற்குள் தலையை விட்டிருந்த தேனீயின் முதுகெல்லாம் மகரந்தம். அதை எடுக்க வயிறு மணலில் பட நான் படுத்துக் கிடந்தபோது, வெயில் படாமல் குடை பிடித்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றி. கோணேசர் கோயிலுக்குப் போக வெளிக்கிட்டவர் எனக்காக நின்றார்.

எங்கள் ஊர் பிரட்றிக் கோட்டையில் எடுத்த புள்ளிமான் படத்தைப் பற்றிச் சிலர் மனம் வருந்தினீர்கள். வாயில் பொலித்தீன் பையோடு நிற்கும் மானைத் திருச்சபையின் மண்டபத்தில் ஏன் மாட்ட வேண்டும் என்று கேட்டீர்கள். அதை வாசலருகே மாட்டச் சொன்னவர் எங்கள் சிஸ்டர். படைத்தவரைப் புகழ்கிறவர்கள் அவர் படைப்பின் காயத்தையும் பார்க்க வேண்டும் என்றார். நான் முழுமனதோடு அவர் பக்கம். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் நம் பொது வீடான பூமியைப் பற்றி எழுதிய சுற்றுமடலும் புகழ்ச்சியையும் அழுகையையும் சேர்த்துத்தான் பேசுகிறது. அதை மறைக்கல்விப் பிள்ளைகளோடு பொறுமையாக வாசித்த எங்கள் சுவாமிக்கும் நன்றி. அந்தப் பிள்ளைகள் மறுவாரமே சாக்குகளோடு கோட்டைக்குப் போய்ப் பை பொறுக்கினார்கள். எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பரிசு அதுதான்.

அப்புறம், படங்களை அச்சிட்ட ஸ்டூடியோ நானா. பருந்தின் செந்நிறம் சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப அச்சிட்டுப் பார்த்தார், தாள் காசு மட்டும்தான் வாங்கினார். கனடாவிலிருந்து கமராவை அனுப்பிய அத்தானுக்கும், விடியற்காலையில் எனக்கு முன்னால் எழும்பித் தேத்தண்ணி ஊற்றித் தந்த அம்மாவுக்கும் என்ன சொல்லி நன்றி சொல்வேன்?

படங்கள் இப்போது பங்கு அலுவலகத்தில் இருக்கின்றன. வீட்டில் மாட்ட விரும்புகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். மான் படம் மட்டும் மறைக்கல்வி வகுப்புக்கு. பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள்.

ஆண்டவரில் அன்புடன்,
உங்கள் பங்குச் சகோதரி,
திருகோணமலை