தாம்பேயின் கோப்பைத் திறந்து காட்டுங்கள்: வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

வெளியுறவு அமைச்சகத்திலும் பாதுகாப்பு அமைச்சகத்திலும் 1971 போர்க் கைதிகள் பற்றிய கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2019 மார்ச் 1-ஆம் தேதி ராத்திரி எங்கள் தெருமுனை டீக்கடை டிவி முன்னால் முப்பது நாற்பது பேர் நின்றிருந்தோம். பாகிஸ்தானிடம் பிடிபட்டிருந்த நம் விமானி அபிநந்தன் வாகா எல்லையைத் தாண்டி எப்போது வருவார் என்று சாயங்காலத்திலிருந்து காத்துக் கிடந்தோம். ஒன்பது மணிக்கு மேல் அவர் நடந்து வந்ததும் மாஸ்டர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து கைதட்டினார், நம் திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளை என்று அத்தனை பேருக்கும் ஒரு பூரிப்பு. என் பக்கத்தில் நின்ற மாமா மட்டும் சும்மாவே இருந்தார். விமானப்படையில் ஏர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், சுகோய்-7 விமானங்களுக்குத் தரையில் வேலை பார்த்தவர். வீட்டுக்கு நடக்கும்போது, "இதே மாதிரி தாம்பேயும் வந்திருக்கணும்டா" என்றார். அது யார் என்றுகூட எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அப்புறம் தேடிப் படித்தேன். ஃபிளைட் லெப்டினன்ட் விஜய் வசந்த் தாம்பே, 32-ஆம் ஸ்குவாட்ரன். சுகோய்-7 தாழப் பறந்து தரையில் குண்டு போடுகிற விமானம், ஒற்றை இன்ஜின், உள்ளே ஒரே ஒரு ஆள். 1971 போரில் பகல் வெளிச்சத்தில் எதிரியின் விமானதளத்துக்கும் ரயில் பாதைக்கும் டாங்கிகளுக்கும் மேலே போய்க் குண்டு போட்டு வந்ததால், கீழேயிருந்து வரும் பீரங்கிச் சூட்டில் அந்த ரக விமானங்கள் நிறைய விழுந்தன. டிசம்பர் 5-ஆம் தேதி ஷோர்கோட் ரோடு விமானதளத்தைத் தாக்கப் போன தாம்பே திரும்பவில்லை. அவருக்குத் திருமணமாகி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. மனைவி தமயந்தி பேட்மிண்டனில் தேசிய சாம்பியன், 1970-க்கான அர்ஜுனா விருது வாங்கியவர், வயது இருபத்து மூன்று.

மாமா சொன்ன ஒரு விஷயத்தை இங்கே எழுதியே ஆகவேண்டும். பைலட் ஏறி உட்கார்ந்ததும் பெல்ட்டை இறுக்கிவிட்டு, கண்ணாடி மூடியைச் சரிபார்த்துவிட்டு, ஏணியை எடுத்து ஓரமாக வைப்பார்களாம். சுகோய் எண்ணெயைக் குடிக்கும், ரொம்ப நேரம் மேலே நிற்காது, அதனால் எத்தனை மணிக்குள் திரும்பியாக வேண்டும் என்று கீழே நிற்கிற எல்லோருக்கும் மனக்கணக்கு உண்டு. அந்த நேரம் தாண்டினால் முதலில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், பக்கத்துத் தளம் எதிலாவது இறங்கியிருப்பார் என்று ஆளுக்கு ஆள் மனசுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அப்புறம் எந்தத் தளத்திலிருந்தும் போன் வராது. அந்த ஏணியை அன்றைக்குச் சாயங்காலம் வரை யாரும் தொட மாட்டோம் என்றார்.

சரி, போரில் விமானம் விழுவது நடக்கக்கூடியதுதான். நான் கேட்பது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

அந்தப் போரின்போதே, அப்போது கிழக்கு பாகிஸ்தானில் இருந்த டாக்காவில் வெளியான பாகிஸ்தான் அப்சர்வர் நாளிதழின் ஞாயிறு பதிப்பில், ஐந்து இந்திய விமானிகள் உயிரோடு பிடிபட்டார்கள் என்று செய்தி வந்தது. அதில் ஒரு பெயர் ஃபிளைட் லெப்டினன்ட் 'டோம்பே'. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான். உயிரோடு பிடித்தோம் என்று அவர்கள் நாட்டுப் பத்திரிகையே அச்சடித்த மனிதர், போர் முடிந்து கைதிகளை ஒப்படைத்தபோது பட்டியலில் இல்லை.

அதே சுகோய்-7 ஓட்டியவர்தான் திலீப் பருல்கர். டிசம்பர் 10-ஆம் தேதி சுடப்பட்டு விழுந்து பிடிபட்டார். ராவல்பிண்டி முகாமில் மற்ற இந்திய விமானிகளோடு அவரை வைத்திருந்தார்கள். சிறைபிடிக்கப்பட்டால் தப்பித்தே தீருவேன் என்பதில் பிடிவாதமாக இருந்த அவர், மல்விந்தர் சிங் கரேவால், ஹரீஷ் சின்ஹ்ஜி என்ற இரண்டு பேரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அறைச் சுவரில் செங்கல் செங்கலாகப் பெயர்த்து, 1972 ஆகஸ்ட் 12-ஆம் தேதி இரவு மழைக்கு நடுவே வெளியேறினார். பெஷாவர் வரை பேருந்து, அப்புறம் கைபர் கணவாய் வழியாக லண்டி கோத்தல். ஆப்கானிஸ்தான் எல்லைக்குச் சில மைல்தான் பாக்கி. அவர்கள் மனதில் வைத்திருந்தது லண்டி கானா என்ற எல்லை ரயில் நிலையத்தை. அந்தப் பாதை 1932-லேயே மூடப்பட்டுவிட்டது! அங்கே எப்படிப் போவது என்று விசாரித்ததுதான் உள்ளூர்க்காரர்களுக்குச் சந்தேகம் வரக் காரணமாகிப்போனது. மூவரையும் பிடித்துவிட்டார்கள். இந்தக் கதையைப் படிக்கும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கும்.

ஆனாலும் பருல்கர் 1972 டிசம்பர் 1-ஆம் தேதி வாகா வழியாக வீடு வந்து சேர்ந்தார். சிறையை உடைத்து ஓடிப் பிடிபட்டவரையே திருப்பி அனுப்பினார்களே, எப்படி? அவர் இருப்பது கணக்கில் இருந்தது. போர்க் கைதிகளுக்கான ஜெனீவா உடன்படிக்கை அதற்குத்தான் அத்தனை நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. பிடிபட்டவர் பெயர், பதவி, எண், பிறந்த தேதி சொன்னால் போதும், ஒரு வாரத்துக்குள் அவர் வீட்டுக்கு அட்டை எழுத அனுமதிக்க வேண்டும், போர் ஓய்ந்ததும் தாமதமில்லாமல் விடுவிக்க வேண்டும். அந்த முதல் அட்டை வராதவர்களுக்கு அடுத்த எதுவுமே நடக்கவில்லை. அபிநந்தன் விஷயத்தில் அவர் கையில் டீ கோப்பையோடு பேசிய வீடியோவை உலகமே பார்த்துவிட்டது, அதற்குப் பிறகு இப்படி ஒரு ஆளே எங்களிடம் இல்லை என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. தாம்பேக்கு இருந்தது ஒரு பத்திரிகையில் எழுத்துப் பிழையோடு அச்சான ஒரு பெயர்.

அவர் ஒருவர் மட்டும் இல்லை என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மேஜர் அசோக் சூரி போரில் இறந்துவிட்டார் என்று முதலில் வீட்டுக்குச் சொன்னீர்கள். 1974 டிசம்பரில் அவர் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு அப்பாவுக்கு வந்தது. அடுத்த வருடம் கராச்சியிலிருந்து இன்னொரு கடிதம், இங்கே நாங்கள் இருபது அதிகாரிகள் இருக்கிறோம், அரசாங்கத்திடம் சொல்லுங்கள் என்று. கையெழுத்து அவருடையதுதான் என்று அரசே சோதித்து ஒப்புக்கொண்டு, 'இறந்தவர்' என்பதைக் 'காணாமல் போனவர்' என்று மாற்றியது. 1979-இல் வெளியுறவு இணை அமைச்சர் மக்களவையில் நாற்பது பேரின் பெயரை வாசித்தார். பிறகு எண்ணிக்கை 54 ஆனது. இப்போது நாடாளுமன்றத்தில் கேட்டால், அந்த 54 பேரையும் சேர்த்து 83 பேர் பாகிஸ்தான் காவலில் இருப்பதாக நம்புகிறோம், பாகிஸ்தான் ஒப்புக்கொள்ளவில்லை என்று பதில் வருகிறது. வருடா வருடம் கிட்டத்தட்ட அதே வாக்கியம்.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 1983-இல் ஆறு உறவினர்கள் முல்தான் சிறைக்குப் போனார்கள். 2007-இல் பதினான்கு பேர் போனார்கள், தமயந்தியும் போனார். சிறை சிறையாகப் பார்த்துவிட்டு யாரையும் காணாமல் திரும்பினார்கள். முப்பத்தைந்து வருடம் கழித்து ஒருவர் முகத்தை அடையாளம் காண்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள், எதிரே நிற்பவர் அவர்தானா என்று மனைவியே திகைக்க வேண்டிய வயது அது.

எனக்குப் பெரிய ஆதங்கம் வேறொன்று. போர் முடிந்தபோது 93,000 பாகிஸ்தானியர் நம் கையில் இருந்தார்கள். 1972 ஜூலையில் சிம்லாவில் ஒப்பந்தம், 1973-74-இல் அவர்கள் எல்லோரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களைப் பிடித்து வைத்திருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், அது தப்பு, அவர்களுக்கும் வீட்டில் ஆள் உண்டு. ஆனால் ரயில்கள் வாகாவுக்குப் போய்க்கொண்டிருந்த அத்தனை மாதங்களில், நம் பட்டியலில் விடுபட்ட ஒவ்வொரு பெயருக்கும் எழுத்தில் ஒரு பதில் வாங்கியிருக்க வேண்டாமா? நம்மிடம் பேரம் பேச இடமிருந்த ஒரே நேரம் அது.

2011 டிசம்பரில் குஜராத் உயர் நீதிமன்றம் இந்த விஷயத்தைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது, நீங்கள் உச்ச நீதிமன்றம் போனீர்கள், 2012-இல் தடை கிடைத்தது. இருதரப்புப் பேச்சில்தான் தீர்க்க முடியும் என்ற உங்கள் வாதம் எனக்குப் புரிகிறது. சரி, சர்வதேச நீதிமன்றம் வேண்டாம். யாருடைய சம்மதமும் தேவைப்படாத ஒரு வேலை உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. அதைச் செய்யுங்கள்.

ஆளுக்கு ஒரு கோப்பு என்று 54 கோப்புகளையும் வெளியிடுங்கள். தாம்பே கடைசியாக ரேடியோவில் என்ன சொன்னார், கூடப் பறந்தவர்கள் என்ன பார்த்தார்கள், பாராசூட்டைக் கண்டார்களா, அந்தப் பத்திரிகைச் செய்தியைப் பற்றிப் பாகிஸ்தானிடம் எந்தத் தேதியில் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, பின்னாளில் விடுதலையாகி வந்த கைதிகளிடம் விசாரித்தபோது யார் யார் பெயரைச் சொன்னார்கள், எல்லாவற்றையும். பாதுகாப்பு ரகசியம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தச் சுகோய்கள் எப்போதோ படையை விட்டுப் போய்விட்டன.

அவர் விழுந்த இடத்திலேயே இறந்திருக்கலாம். பத்திரிகைக்காரர் பெயரைக் குழப்பியிருக்கலாம். அப்படித்தான் உங்கள் கோப்பு சொல்கிறது என்றால், அதையும் காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடும்பத்துக்குக் கொடுங்கள். 'காவலில் இருப்பதாக நம்புகிறோம்' என்று சபையில் ஒரு வரி, உண்மையில் யாரும் நம்பவில்லை என்று தாழ்வாரத்தில் ஒரு பேச்சு, இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு பெண் தன் வாழ்நாள் முழுக்க என்னதான் செய்வார்? பெற்றவர்கள் காத்திருந்தே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சூரியின் அப்பா ஒவ்வொரு கதவாகத் தட்டியவர்.

ஒவ்வொரு ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் இரண்டு நாடுகளும் சிறைக் கைதிகள் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கின்றன, 2008 ஒப்பந்தப்படி. பதற்றம் உச்சத்தில் இருந்த வருடங்களிலும் அது நிற்கவில்லை. அன்றைய உங்கள் அறிக்கையின் கடைசிப் பத்தியில் காணாமல் போன பாதுகாப்புப் படையினர் என்று ஒரு சொல் வரும், பெயர்கள் வராது. அடுத்த பட்டியல் போகும் நாளில் பெயர்களையும் போடுங்கள். பதவி, படைப்பிரிவு, கடைசியாகப் பார்த்த இடம், தேதி. மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது, நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
செங்கல்பட்டிலிருந்து ஒரு குடிமகன்