பொன்னாடை வேண்டாம், சம்பளம் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு, பள்ளிக் கடைசித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளுக்காக உங்கள் கல்விப் பக்கத்தில் ஒரு நீண்ட தொழில் பட்டியல் வந்திருந்தது. என் மகள் சத்தம் போட்டு வாசித்தாள். மருத்துவம், சட்டம், கணக்கியல், விமானப் பணி என்று போய் யூடியூப் வரைக்கும் இருந்தது. வாசித்து முடித்துவிட்டு, "ம்மா, உங்க வேலையைக் காணோமே" என்றாள். நான் குப்பை வேலை செய்கிறவள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் பதினான்கு ஆண்டுகள் இருந்தேன். கடைசி ஐந்து ஆண்டுகள் கழிவுக் கிடங்கில். முதலில் என்னை அங்கே மாற்றியபோது இரண்டு நாள் அழுதேன், உண்மையைச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் தெரிந்தது, அது ஒரு படிப்பு. ரசாயனம் பட்ட துணிக்கும் கையுறைக்கும் அபாயக் கழிவுப் பட்டியலில் எஸ்.டபிள்யூ. 410 என்று எண். ரசாயனம் இருந்த காலி டின்னுக்கு 409. ஒவ்வொரு பீப்பாய் மேலும் எண்ணும் தேதியும் ஒட்ட வேண்டும். 180 நாளுக்கு மேல் கிடங்கில் வைத்திருக்கக் கூடாது, 20 டன்னைத் தாண்டவும் கூடாது. 2005-இல் வந்த விதி அது. இதைப் பார்த்துக்கொள்ளத் தகுதிச் சான்றிதழ் பெற்ற ஆள் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தச் சான்றிதழ் வைத்திருந்த என் மேலதிகாரி என்னைப் போல மூன்று மடங்கு சம்பளம் வாங்கினார். அவரை யாரும் குப்பைக்காரர் என்று சொல்லவில்லை. ஏர்கோன் அறையில் உட்கார்ந்தால் அதே குப்பைக்கு வேறு பெயர்.

ஆட்குறைப்பில் வெளியே வந்தபின், நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் நிர்வாகக் குழு என்னை வைத்துக்கொண்டது. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் உரக்குவியல், அட்டைப்பெட்டி, டின், பழைய சமையல் எண்ணெய் எல்லாம் என் பொறுப்பு. பக்கத்துச் சந்தையின் காய்கறிக் கழிவும் எங்களிடம்தான் வருகிறது. மாதம் 2,100 வெள்ளி (ரிங்கிட்). நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 என்று பார்த்தால் பரவாயில்லை, பினாங்கு வாடகையைப் பார்த்தால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

உரக்குவியல் பக்கம் வரும் பிள்ளைகளுக்கு முதலில் மூக்கைத்தான் பழக்குகிறேன். அமோனியா வாடை வந்தால் சாப்பாட்டுக் கழிவு அதிகம், காய்ந்த இலை போதவில்லை. அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்று போகவில்லை, கிளற வேண்டும். பிறகு கை. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. குவியல் சரியாக இருந்தால் நடுவில் 60 டிகிரி வரை சூடு ஏறும். விடியற்காலை கிளறும்போது ஆவி பறக்கும். மழைநாளில் அதன் பக்கத்தில் நின்று தே தாரிக் குடிப்பது எனக்குப் பிடித்த விஷயம். சரி, அது என் பைத்தியம்.

ஆனால் இந்த வேலையில் பாதிக்கு மேல் மனிதர்கள்தான். பதினோராம் மாடியில் ஒரு பாட்டி. மிச்சச் சாம்பாரையும் சோற்றையும் ஒரே பையில் கட்டிக்கொண்டு வருவார். லிஃப்ட் முழுக்க ஒழுகும். அறிவிப்பு ஒட்டியும் அவர் படிக்கவில்லை. கடைசியில் ஒரு வடிதட்டை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முக்கால் மணி நேரம் அவர் பேரன் கதை கேட்டேன். கிளம்பும்போது வடிதட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அந்த மாடியில் யார் வடிக்காமல் கொண்டுவந்தாலும் அவரே சத்தம் போடுகிறார்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பினாங்குத் தீவில் நாம் கட்டிப் போடும் வீட்டுக் குப்பை கடல் தாண்டி, நிபோங் திபால் பக்கம் புலாவ் பூரோங் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. 2022 ஜனவரியில் அது பற்றி எரிந்தபோது பக்கத்துக் கிராமத்து மக்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. மூடிக் கிடக்கும் சோறும் காய்கறியும் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். எரியும் வாயு அது. நம் நாட்டு வீட்டுக் குப்பையில் பெரும் பங்கு சாப்பாட்டுக் கழிவு. பினாங்கில் வீட்டிலேயே பிரித்துப் போட வேண்டும் என்ற கொள்கை 2016-இலேயே வந்துவிட்டது. பிரிக்கச் சொல்லித்தர ஆள் வேண்டாமா?

இனி என் குறைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயிலின் திருவிழாவில் மூன்று நாள் அன்னதானம். குப்பையைப் பார்த்துக்கொள்ளும்படி எங்களைக் கூப்பிட்டார்கள். நானும், எஸ்.பி.எம். முடித்திருந்த பக்கத்து புளோக் பையன் ஒருவனும், இன்னும் நான்கு பேரும் போனோம். வாழை இலையை நறுக்கிப் போட்டால் சீக்கிரம் மக்கிவிடும், அது சுலபம். பூமாலைதான் பாடு. பூவுக்கு நடுவே ஜிகினா, உள்ளே ராஃபியா கயிறு. ஒவ்வொன்றையும் கத்தரியால் வெட்டிப் பிரிக்க வேண்டும். உடைத்த தேங்காயின் நீர் சில மணி நேரத்தில் புளித்து ஈ மொய்க்கும். ஓடு ஒரு வருடமானாலும் மக்காது, தனியாக ஒதுக்க வேண்டும். மூன்று நாளும் இரவு ஒரு மணிக்குத்தான் வீட்டுக்குப் போனோம்.

கடைசி நாள் நன்றியுரையில் செலவுக் கணக்கு வாசித்தார்கள். பந்தலுக்கு இவ்வளவு, ஒலிபெருக்கிக்கு இவ்வளவு, நாதஸ்வரத்துக்கு, சமையலுக்கு, நடமாடும் கழிப்பறைக்குக்கூட இவ்வளவு. எங்களுக்குத் 'தொண்டர்கள்' என்று சொல்லி ஆளுக்கொரு பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள். அந்தப் பொன்னாடை பாலியஸ்டர். அதுவும் மக்காது.

தொண்டுக்கு நான் எதிரி இல்லை. தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் நானும் மோர் ஊற்றியிருக்கிறேன். ஆனால் பதினொரு மணிக்குத் தொண்டர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், குப்பை அங்கேயேதான் இருக்கும். ரதம் நகர்ந்ததும் தேங்காய்ச் சிதறலை அள்ளப் பின்னாலேயே வரும் மாநகர் மன்ற ஊழியர்கள் சம்பளத்துக்கு வருகிறார்கள். அதனால்தான் தவறாமல் வருகிறார்கள்.

அந்தப் பையன் நல்ல கைக்காரன். ஒரே வாரத்தில் மூக்கைப் பழக்கிக்கொண்டான். "இதையே செய்யலாமாக்கா?" என்று கேட்டான். யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் தொழில்நுட்பம் படிக்கலாம், தொழிற்சாலைப் பக்கம் போகலாம் என்றெல்லாம் சொன்னேன். "இப்பவே எவ்வளவு கிடைக்கும்?" என்றான். நான் பொன்னாடையைக் காட்டவா? இப்போது உணவு விநியோகத்துக்கு மோட்டார் ஓட்டுகிறான். எங்கள் அடுக்குமாடிக்கும் வருவான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் குவியல் பக்கம் வந்து, மோந்து பார்த்துவிட்டு, "இலை பத்தலக்கா" என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

ஆகவே ஐயா, உங்கள் அடுத்த பட்டியலில் இந்த வேலையையும் ஒரு வரி சேருங்கள், சம்பளத்தையும் மறைக்காமல் போடுங்கள். கோயில் நிர்வாகத்தினரும் பந்தல்காரர்களும் இதைப் படித்தால், வரவு செலவில் நாதஸ்வரத்துக்குக் கீழே குப்பைக்கென்று ஒரு வரி ஒதுக்கட்டும். வரும் தைப்பூசத்துக்கு ஒரு தண்ணீர்ப் பந்தலிலிருந்து என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆறு பேர், இரண்டு இரவு, கத்தரி, கையுறை, லோரி வாடகை என்று எழுதி, கீழே தொகையையும் போட்டுக் கொட்டேஷன் அனுப்பிவிட்டேன். குழுவில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். சரி என்றால், அந்த ஆறு பேரில் ஒருவனுக்கு எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு