எடை போட்டு ஏற்றுங்கள், முதலாளி

காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் லோடு அனுப்பும் முதலாளிமார்களுக்கும், வாசலில் நின்று ஏற்றிவிடும் மேஸ்திரி அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

ஆத்தங்குடித் தரைக் கல்லோ (டைல்ஸ்), புதுவயல் அரிசியோ, பழைய வீடு பிரித்த தேக்கும் கருங்கல் தூணுமோ, உங்கள் சரக்கு பெரும்பாலும் எங்களைப் போன்றவர்களின் பிக்கப் வண்டியில்தான் போகிறது. அந்த வண்டிகளில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை முறிவது உங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. அளவுக்கு மேல் ஏற்றுவதால்தான் முறிகிறது என்பதும் தெரியும். ஆனாலும் போன வாரம் நடந்ததைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஸ்டாண்டுத் தம்பி ஒருவன் டைல்ஸ் ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போனான். இரவில் திருமயம் தாண்டி ஒரு சிறு பாலத்தில் ஏறி இறங்கும்போது பின்பக்க மெயின் பட்டை, வண்டிச் சட்டமான சேஸில் அது மாட்டியிருக்கும் முன் புஷ்ஷுக்குப் பக்கத்தில் முறிந்துவிட்டது. அந்தப் பக்கம் பின் அச்சின் ஹவுசிங் பின்னால் தள்ளிப்போய், டயர் தொட்டியில் உரசி, வண்டி ரோட்டைவிட்டு இழுத்திருக்கிறது. எப்படியோ ஓரம் கட்டிவிட்டான். சரக்குக்காரருக்குப் போன் போட்டால் முதல் கேள்வி, "கல்லு உடைஞ்சிருச்சா?" உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்ற கேள்வி கடைசிவரை வரவில்லை.

லோடோடு ஜாக்கி வைக்க முடியாது. செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லாக இறக்கி ரோட்டோரம் அடுக்கினான். சேஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஹவுசிங்குக்கும் சேஸுக்கும் நடுவே கட்டையைச் சொருகி, சங்கிலியால் இறுக்கிக் கட்டி, காலி வண்டியை மாட்டுவண்டி வேகத்தில் ஊருக்குக் கொண்டுவந்தான். கல்லை எடுத்துப்போக வந்த வண்டிக்கும் அவன்தான் வாடகை கொடுத்தான். உடைந்த கல்லுக்கும் அவன் வாடகையில்தான் பிடித்தார்கள்.

அந்த லோடை எடைமேடையில் ஏற்றியிருந்தால் வண்டி கிளம்பியே இருக்காது. பத்து அங்குல ஆத்தங்குடிக் கல் ஒன்று ஏறக்குறைய 3 கிலோ கனக்கும். தண்ணீரில் ஊறிய ஈரம் முழுதாகக் காயாமல் ஏற்றினால் இன்னும் கூடும். ஒன்றேகால் டன் வண்டிக்கு 400 கல்லிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. அந்த 400 கல்லை ஒரே அடுக்காக நெட்டுக்குத்தாக நிறுத்திப் பாருங்கள், தொட்டித் தரையில் பாதிகூட அடையாது. உடனே மேஸ்திரி, "இன்னும் இவ்வளவு இடம் கிடக்கே, போடுப்பா" என்கிறார். வைக்கோலுக்கு அது சரி. கல்லுக்கும் கருங்கல் தூணுக்கும் இடத்தைப் பார்த்து ஏற்றக் கூடாது. அரிசி என்றாலும் 25 கிலோ சிப்பம் 50 ஏறினால் அதே ஒன்றேகால் டன் ஆகிவிடுகிறது. ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடையும் வெற்று எடையும் எழுதியிருக்கிறது. ஒன்றில் ஒன்றைக் கழித்து, ஓட்டுகிறவனையும் கழித்தால் மிஞ்சுவதுதான் லோடு. தயவுசெய்து எடை போட்டு ஏற்றுங்கள்.

பட்டை முறிந்தால் வெல்டிங் வைத்து ஓட்டு என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். அது சாதாரண இரும்பு இல்லை. சூடேற்றி எண்ணெயில் குளிரவைத்துப் பதம் ஏற்றிய ஸ்பிரிங் எஃகு. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும், அதுவும் லோடு இருக்கும்போதுதான் முறியும். முறிந்த பட்டையை மாற்றத்தான் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதுசு போட்டால் வண்டி சாய்ந்து நிற்கும், அதனால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். பட்டை அடுக்கைப் பிரிக்கும்போது சி கிளாம்ப் போட்டுப் பிடிக்காமல், பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டைக் கழற்றினால் பட்டை எகிறி ஆளை அடிக்கும். அடுக்கை ஹவுசிங்கோடு இறுக்கும், நீண்டுபோன பழைய யூ போல்ட்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கி, கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி இறுக்க வேண்டும். அது தளர்ந்தால் அடுத்து சென்டர் போல்ட் முறியும். இத்தனைக்கும் செலவு எங்களுடையது. பட்டறையில் வண்டி நிற்கும் நாட்களுக்கு வாடகை கிடையாது, வண்டிக் கடன் டியூ மட்டும் தேதி தவறாமல் வந்துவிடும்.

"கூட ரெண்டு பட்டை போட்டுக்கோ" என்று யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பட்டையைக் கூட்டலாம், சரி. பிரேக்கும் டயரும் ஹவுசிங்கும் சேஸும் அதேதானே இருக்கின்றன? பட்டை முறிந்தால் வண்டி நிற்கும். பிரேக் பிடிக்காமல் போனால் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போகிற பாதயாத்திரைக் கூட்டத்துக்குள் புகுந்துவிடும். தை மாதம் அந்த ரோட்டில் ராத்திரி ஓட்டிப் பார்த்தால் எங்கள் பயம் உங்களுக்கும் புரியும்.

அப்புறம் அபராதம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் திருத்தம் வந்த பிறகு கூடுதல் பாரத்துக்கு 20,000 ரூபாய், அதோடு அளவுக்கு மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என்று இருக்கிறது. ஓட்டுகிறவன் மட்டுமல்ல, ஓட்ட வைக்கிறவரும் பொறுப்பு என்றுதான் அந்த 194ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ரோட்டில் கைநீட்டி நிறுத்தப்படுவது நாங்கள்தான். மாட்டிக்கொண்டு போன் செய்தால் "உன்னை யார் அவ்வளவு ஏத்தச் சொன்னது?" என்கிறீர்கள். குறைத்து ஏற்றுகிறேன் என்றால் "அடுத்த வண்டியைக் கூப்பிட்டுக்கிறோம்" என்கிறீர்கள். டீசல் ஏறினாலும் வாடகையைக் கூட்டுவதில்லை, காத்திருப்புக்குக் காசு இல்லை, ஏற்றுக்கூலியையும் எங்கள் தலையில் கட்டுகிறீர்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பாத்திரம் பண்டம் ஏற்றி இறக்குகிற எங்களிடம் இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டுமா?

கோபத்தில் கூடச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழில் நடந்தால்தான் எங்களுக்கும் சோறு. அதனால் பணிவாகவே கேட்கிறேன். எடை போட்டு ஏற்றுங்கள். ஒரு நடைக்கு மேல் சரக்கு இருந்தால் இரண்டு நடை விடுங்கள், இல்லையென்றால் பெரிய வண்டி கூப்பிடுங்கள். உங்கள் ஆட்கள் அளவுக்கு மேல் ஏற்றி வழியில் பட்டை முறிந்தால் செலவில் பாதியாவது கொடுங்கள், உடைந்த சரக்கை டிரைவர் வாடகையில் பிடிக்காதீர்கள். எடைமேடைச் சீட்டுக்கு ஆகும் காசை நாங்களே போட்டுக்கொள்கிறோம். அந்தச் சீட்டைப் பார்க்காமல் வண்டியை வெளியே விடாதே என்று உங்கள் மேஸ்திரியிடம் இந்த வாரமே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லோடு ஏற்றும் பிக்கப் டிரைவர்களில் ஒருவன்