குவாரி வெடியா, நில நடுக்கமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் காங்கேயம் பக்கம் கல்குவாரியில் வெடி வைத்தால் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அதனால் நிலமே லேசாக ஆடினாலும் ‘குவாரிதான்’ என்று விட்டுவிடுவோம். 1900 பிப்ரவரியில் ஏறத்தாழ 6 ரிக்டர் அளவில் கோவையை உலுக்கிய நிலநடுக்கம் எத்தனை பேருக்குத் தெரியும்?

சின்ன நடுக்கங்கள் கொத்தாக வருவதும் ஒரு தகவல்தான். நிலத்தட்டுகள் விலகும் ஐஸ்லாந்தில், 2023 நவம்பரில் அப்படி வந்த நடுக்கங்கள் இடம் நகர்வதைப் பார்த்துத்தான் பாறைக்குழம்பு அடியில் ஊடுருவுவதை ஊகித்து, கிரிண்டாவிக் ஊரையே காலி செய்தார்கள். சரி, இங்கே எரிமலை இல்லை. மகாராஷ்டிரத்தின் பால்கரிலும்தான் இல்லை. அங்கே 2018 நவம்பரில் தொடங்கி மாதக்கணக்கில் நிலம் ஆடியது.

நில அதிர்வைப் பதியும் நாலைந்து கருவிகள் சுற்றிலும் இருந்தால், அவற்றை வந்தடையும் முதல் அதிர்வலைக்கும் அடுத்த வகை அலைக்கும் உள்ள நேர இடைவெளியை வைத்து நடுக்கம் பிறந்த இடத்தையும் ஆழத்தையும் கணக்கிடலாம். குவாரி வெடி மேல்மட்டத்திலேயே நடப்பதால் அதையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம். கொங்கு மண்டலத்தில் பொறியியல் கல்லூரிகளுக்கா பஞ்சம்? சில கல்லூரிகளிலாவது கருவி வைத்து, பதிவுகளை எல்லோரும் பார்க்கும்படி அரசு வெளியிட வேண்டும்.

— ஒரு வாசகர், காங்கேயம்